நாடாளுமன்றக் கேள்வி–பதில் சேவை: பதிலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

போலீஸ், சிறை, நீதிமன்றம், ஆஸ்பத்திரி, ரேஷன் என எதைப் பற்றியாவது அரசின் வாயிலிருந்தே ஒரு எண் வேண்டுமென்றால் நான் முதலில் போவது சன்சத் டாட் இன் தளத்துக்குத்தான். மக்களவை, மாநிலங்களவை எம்.பி.க்கள் கேட்ட கேள்விகளும் அமைச்சர்கள் கொடுத்த பதில்களும் அங்கே பிடிஎஃப்களாகக் கிடக்கின்றன. காசு கிடையாது, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனுப் போட்டு 30 நாள் காத்திருப்பதற்கு முன்னால், அதே விஷயத்தை ஏற்கெனவே யாராவது எம்.பி. கேட்டுவிட்டாரா என்று பார்த்துவிடுவது உத்தமம், பெரும்பாலும் கேட்டிருப்பார்.

ஹோட்டலுக்கும் செல்போனுக்கும் விமர்சனம் எழுதுகிறோம், நம் வரிப்பணத்தில் ஓடும் இந்தச் சேவைக்கு ஏன் எழுதக் கூடாது? மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடைக்கும் தரவுக்கு 5-க்கு 4. அதைக் கொடுக்கும் மனசுக்கு 2.

டிவியில் நாம் பார்க்கும் கேள்வி நேரம் இந்தச் சேவையின் சின்னப் பகுதிதான். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், மாநிலங்களவையில் 15. இவற்றுக்குத்தான் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். அதிலும் அமளி இல்லாத நாளில்கூட பாதிக் கேள்விகளைத் தொடுவதற்குள் மணி அடித்துவிடும். தரவு தேடுகிறவர்களுக்கான சுரங்கம் நட்சத்திரம் இல்லாத கேள்விகளில் இருக்கிறது: மக்களவையில் நாளொன்றுக்கு 230, மாநிலங்களவையில் 160, எல்லாமே எழுத்துப்பூர்வ பதில். யாரும் கத்த மாட்டார்கள், யாரும் மேசையைத் தட்ட மாட்டார்கள், மறுநாள் பேப்பரில் எட்டாம் பக்க மூலையில் நாலு வரி வந்தால் அதிர்ஷ்டம்.

இதை ஏன் நம்பலாம் என்றால், அவையில் தெரிந்தே பொய்யான தகவல் கொடுத்தால் அது அவையின் உரிமை மீறல் பிரச்சினையாகிவிடும். ஒரு நட்சத்திரக் கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு முந்த்ரா விவகாரமே போதும்: தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிகளுக்கு எல்ஐசி பணம் போனது பற்றி 1957-ல் அவையில் கிளம்பிய கேள்வி, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் ராஜினாமாவில் போய் நின்றது. அந்தப் பயம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதனால் பதில் தயாரிக்கும் அதிகாரிகள் பொய் எழுதுவதை விட நழுவுவதையே விரும்புகிறார்கள், அந்த நழுவலை அடையாளம் காணத் தெரிந்தால்தான் இந்தச் சேவை உங்களுக்குப் பயன்படும்.

உள்துறை அமைச்சகத்தின் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியே மனப்பாடம் ஆகிவிடும்: அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் வருபவை. சிறை பற்றிக் கேட்டால் அதில் ‘சிறைகள்’ என்று ஒரு சொல் மாறும், அவ்வளவுதான். அப்புறம் மத்திய அரசு எப்போது எந்த அறிவுரைச் சுற்றறிக்கை அனுப்பியது என்று ஒரு பத்தி. இதையெல்லாம் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுங்கள். ‘இணைப்பு’ என்று போட்டு மாநிலவாரியாக ஒரு அட்டவணை இருக்கும், உங்களுக்கு வேண்டியது அதுதான். முதல் பக்கத்தைப் படித்து எரிச்சலாகி மூடிவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் அமைச்சகம் கொட்டைப்பாக்கு விலை சொல்லியிருக்கும்தான், ஆனால் வழியும் கீழே எங்கேயோ எழுதித்தான் இருக்கும்.

அட்டவணையே இல்லாத பதில்கள்தான் இன்னும் சுவாரசியம். 2020 செப்டம்பர் 14 ஞாபகம் இருக்கிறதா? கொரோனாவைக் காரணம் காட்டி அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள், எழுத்துப்பூர்வ பதில் மட்டும் இருந்தது. ஊரடங்கில் ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்குத் தொழிலாளர் அமைச்சகம் சொன்ன பதில், அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்பது. அப்படியானால் இழப்பீடு? தரவே இல்லாதபோது அந்தக் கேள்வி எழவில்லை. இரண்டு வரியில் முடிந்தது. எனக்கு இந்த வகைப் பதில்கள்தான் மிகவும் பயனுள்ளவை. ஒரு எண்ணை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதும் யாரோ எடுத்த முடிவுதான், அந்த முடிவுக்கு இப்போது அமைச்சரின் பெயரோடும் தேதியோடும் ஒரு ஆவணம் இருக்கிறது.

2021 ஜூலை இன்னொரு பாடம். ஆக்சிஜன் கிடைக்காமல் இறந்தவர்கள் பற்றி மாநிலங்களவையில் கேட்டபோது, அப்படி எந்த மரணத்தையும் மாநிலங்கள் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்று சுகாதார அமைச்சகம் பதில் கொடுத்தது. மரணமே நடக்கவில்லை என்று சொல்லவில்லை, கவனியுங்கள். அதே மாதம் சமூக நீதி அமைச்சகம், கையால் மலம் அள்ளும் வேலையால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்றது, ஆனால் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்கிச் சுத்தம் செய்யும்போது இறந்தவர்கள் 941 பேர் என்ற கணக்கும் அதே அரசிடம் இருந்தது. சட்டப்படி இரண்டும் வேறு வேறு வேலையாம். அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த மாநிலம் தமிழ்நாடு என்பதால், மேலே இருப்பவர்களைத் திட்டிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ளவும் முடியாது. கேள்வியில் எந்தப் பெயரைப் போட்டீர்களோ அந்தப் பெயருக்குத்தான் பதில் வரும், அதனால் விவரம் தெரிந்த எம்.பி. இரண்டு பெயரையும் போட்டுக் கேட்பார்.

அப்புறம் ‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் தாக்கல் செய்யப்படும்’ என்ற ரகம். இதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடாதீர்கள். அப்படிச் சொன்ன நிமிடமே அது ஒரு உறுதிமொழி ஆகிவிடுகிறது, மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், அதைத் துரத்துவதற்கென்றே 1953-லிருந்து மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. நிறைவேற்றிய விவரம் பின்னால் தனி ஆவணமாக வரும், மூலப் பதிலை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் அது கண்ணில் படாது.

சரி, எண்ணே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குற்றம் சம்பந்தப்பட்ட பதில் என்றால் அது பெரும்பாலும் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். முதல் குறை, பழைய சரக்கு. 2022-ம் ஆண்டுக்கான குற்ற அறிக்கை வந்தது 2023 டிசம்பரில், 2023-க்கானது வந்தது 2025 செப்டம்பர் கடைசியில். இடைப்பட்ட காலத்தில் எந்த எம்.பி. எதைக் கேட்டாலும், வெளியான அறிக்கை கடைசியாக இன்ன ஆண்டுக்கானது என்று ஒரு வரி எழுதிப் பழைய எண்ணையே தருவார்கள். எல்லாக் காவல் நிலையங்களையும் கணினியில் இணைக்கும் சிசிடிஎன்எஸ் திட்டம் 2009-லேயே ஒப்புதல் வாங்கியது, அப்படியிருந்தும் இரண்டு வருடப் பின்தங்கல் ஏன் என்று யாராவது நட்சத்திரக் கேள்வியில் நெருக்கிப் பிடித்தால் நன்றாக இருக்கும்.

இரண்டாவது, எண்ணும் முறை. ஒரு முதல் தகவல் அறிக்கையில் பல பிரிவுகள் இருந்தால் அதிகத் தண்டனை உள்ள குற்றம் மட்டுமே கணக்கில் ஏறும். கொலையோடு சேர்ந்த பாலியல் வன்முறை, கொலை என்ற தலைப்பின் கீழ் போய்விடும். அதேபோல வழக்குப் பதிவு அதிகமானால் குற்றம் அதிகமானது என்று அர்த்தம் இல்லை, இதை அந்த அறிக்கையே எச்சரிக்கையாகச் சொல்கிறது, தலைப்புச் செய்தி எழுதுகிறவர்கள்தான் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. 2020-ல் அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கான, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் (ஐபிசி) 188-வது பிரிவில் வழக்குகள் 29,469-லிருந்து 6,12,179 ஆகத் தாவின. ஊரடங்கில் வெளியே வந்தவர்கள் மேல் போட்ட வழக்குகள். அந்த வருடம் ஐபிசி வழக்குகளில் தமிழ்நாடு முதலிடம். ‘குற்றத்தில் முதலிடம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய படங்களுக்கு மூலம் அதுதான்.

காவல் மரணங்களில் இன்னும் சிக்கல். உள்துறையிடம் கேட்டால் தேசிய மனித உரிமை ஆணையத்தின் எண்ணைத் தருவார்கள்: போலீஸ் காவலில் 2020-21-ல் 100, 2021-22-ல் 175. குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில் 2021-க்கு 88. ஒன்று நிதியாண்டு, மற்றது காலண்டர் ஆண்டு என்று சமாதானம் சொல்லலாம்தான், ஆனால் 2021 பரவிக் கிடக்கும் இரண்டு நிதியாண்டுகளிலும் எண் 88-ஐ விட அதிகம். ஆணையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பது 1993-லிருந்து இருக்கும் நடைமுறை, காப்பகத்துக்குப் போவது மாநிலப் போலீஸ் நிரப்பி அனுப்பும் படிவம். சாத்தான்குளத்துக்குப் பிறகு இந்த எண்ணைத் தேடிப் போகிறவர்கள் எது யாருடைய கணக்கு என்பதையும் கூடவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாமும் அவசரப்பட்டுவிடுகிறோம். 2016 முதல் 2019 வரை உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் கைதானவர்கள் 5,922, தண்டிக்கப்பட்டவர்கள் 132 என்று 2021 பிப்ரவரியில் மாநிலங்களவையில் பதில் வந்தது. உடனே வகுத்துப் பார்த்து ‘தண்டனை விகிதம் 2 சதவீதம்’ என்று எல்லோரும் எழுதினார்கள். அந்த 132 பேர் அந்த 5,922 பேருக்குள்ளேதான் இருக்கிறார்கள் என்று பதிலில் எங்கும் இல்லை, முந்தைய வருடங்களில் கைதானவர்களாகவும் இருக்கலாம். அரசுத் தரப்பு சொல்லும் தண்டனை விகிதமோ விசாரணை முடிந்த வழக்குகளை மட்டும் வைத்துக் கணக்கிடுவது, அது பார்க்க அழகாக இருக்கும், வழக்கு முடியாமல் வருடக்கணக்கில் உள்ளே கிடப்பவர்கள் அதில் வரவே மாட்டார்கள். 2022 கடைசியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பங்கு. உபா பற்றிய பதிலை இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

ஆக, இந்தச் சேவையின் தரம் பாதிக்கு மேல் கேட்கும் எம்.பி.யின் கையில் இருக்கிறது. விதிகள் கெடுபிடியானவை: 15 நாள் முன்னால் நோட்டீஸ், குலுக்கல், மக்களவையில் 150 வார்த்தைக்குள் கேள்வி, நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம் கூடாது, எளிதில் கிடைக்கும் ஆவணத்தில் உள்ளதைக் கேட்கக் கூடாது. இத்தனைக்குள் ‘அரசு எடுத்த நடவடிக்கைகள் என்ன’ என்று ஒரு உட்பிரிவை வீணாக்கினால் திட்டங்களின் விளம்பரம்தான் பதிலாக வரும். ஆண்டுவாரியாக, மாநிலவாரியாக, இன்ன பிரிவின் கீழ், கைது எத்தனை, குற்றப்பத்திரிகை எத்தனை, ஜாமீன் எத்தனை என்று கேட்கிறவருக்கு அட்டவணை வரும். திரும்பத் திரும்பக் கேட்பதிலும் பலன் உண்டு. உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சமூகப் பின்னணி பற்றிய தரவு இல்லை என்றே சட்ட அமைச்சகம் சொல்லிக்கொண்டிருந்தது. 2018-லிருந்து பரிந்துரைக்கப்படுகிறவர்களிடம் படிவத்தில் விவரம் வாங்குகிறார்கள், இப்போது வரும் பதில்களில் எஸ்சி, எஸ்டி, ஓபிசி என்று எண்கள் இருக்கின்றன. கும்பல் கொலை விஷயத்திலும் எதிர்பார்ப்பு இருக்கிறது. 2017-ல் சேகரித்த தரவு நம்பகமாக இல்லை, அதனால் நிறுத்திவிட்டோம் என்று அவையிலேயே சொன்னார்கள். ஐபிசிக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, மொழி போன்ற காரணத்துக்காகச் செய்யும் கொலையைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. பிரிவு எண்ணைப் போட்டுக் கேட்டால் இனி அந்தச் சாக்கு செல்லாது.

குறைகளில் மொழியும் ஒன்று. பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். அட்டவணை பிடிஎஃப்புக்குள் இருப்பதால் எக்செல்லுக்கு மாற்றுவது கை ஒடியும் வேலை. தமிழில் வேண்டும் என்றால் தமிழ்நாடு சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது துறைவாரியாக வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்புகளைப் பாருங்கள். காவல்துறை குறிப்பில் எண்கள் நிறையவே இருக்கும், படிக்கவும் சுலபம். ஆனால் அது துறை தானாக எழுதிக்கொள்வது, யாரும் குறுக்குக் கேள்வி கேட்டு வாங்கியது இல்லை, சொல்ல விரும்பாததை அது சொல்லாது.

ஆர்டிஐ இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைச் சாதாரண ஆளுக்கும் மறுக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் தனிநபர் தகவலுக்கு விலக்கு தரும் 8(1)(ஜே) பிரிவோடு ஒரு வாசகம் இருந்தது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அந்தப் பிரிவைத் திருத்தும்போது வாசகத்தையும் சேர்த்து எடுத்துவிட்டது. தனிநபர் தகவல் என்று சொல்லி உங்கள் மனுவைத் திருப்பி அனுப்புவது இனி சுலபம், அதனால் உங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்கு ஒரு கேள்வியை நீங்களே 150 வார்த்தைக்குள் எழுதிக் கொடுப்பது இன்னும் முக்கியமாகிறது. கூட்டத்தொடர் நடக்கும்போது உள்துறைக்கு மக்களவையில் செவ்வாய், மாநிலங்களவையில் புதன். பதில்கள் பெரும்பாலும் அன்றைக்கே தளத்தில் வந்துவிடும்.