ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 தெர்மல் பேஸ்ட்: ஓவர்கிளாக்குக்கு நம்பகமான தேர்வு

புதுச்சேரியின் மே மாதப் புழுக்கத்தில், ஏசி இல்லாத அறையில் கணினியின் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய (நிர்ணயித்த வேகத்தைவிட அதிக வேகத்தில் இயக்க) விரும்புபவர்கள் தெர்மல் பேஸ்ட்டை அலட்சியப்படுத்தவே கூடாது. பிராசசர் மூடிக்கும், அதன் வெப்பத்தை உறிஞ்சி வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்குக்கும் இடையிலுள்ள நுண்பள்ளங்களில் தங்கும் காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். அந்தக் காற்றை வெளியேற்றி இடைவெளியை நிரப்புவதுதான் பேஸ்ட்டின் வேலை. நான் பயன்படுத்தும் எம்எக்ஸ்-4 கார்பன் நுண்துகள்கள் அடங்கிய, உலோகம் கலவாத பேஸ்ட். மின்சாரத்தைக் கடத்தாததால், ஓரத்தில் சற்றுப் பிதுங்கினாலும் மதர்போர்டைப் பற்றிய அச்சம் எழுவதில்லை. காலியம் (Gallium) என்ற உலோகம் கலந்த திரவ உலோகம் இதைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்றாலும், அலுமினியத்தை அரித்துவிடும் என்பதால் புதியவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைத்து, பிராசசர் மூடியின் நடுவில் புதிய பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து, ஹீட்சிங்கின் எதிரெதிர் மூலைத் திருகுகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக முடுக்கினேன். பிறகு கழற்றிப் பார்த்தபோது, சாம்பல் நிறப் படலம் விளிம்புவரை மெல்லியதாகப் பரவியிருந்தது.