குவளையின் அளவுக் கோட்டைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்

கிழக்கு லண்டனில், ரயில் பாலத்தின் வளைவு ஒன்றுக்கு அடியில் அண்மையில் திறக்கப்பட்ட ஒரு கிராஃப்ட் பீர் (சிறு ஆலைகளில் காய்ச்சியதாகச் சொல்லப்படும் பீர்) கடைக்கு, அது திறந்த மூன்றாவது வாரத்தில் சென்று கையைச் சுட்டுக்கொண்டு வந்த கதையை இங்கே எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் திருத்திக்கொள்ளட்டும் என்பது ஒரு காரணம். அளவைச் சொல்லாமலும் குறைத்தும் விற்கும் இதே வேலையை வேறு சில கடைகளிலும் அரைகுறையாகக் கண்டிருக்கிறேன், அன்று ஒரே கூரையின் கீழ் முழுமையாகக் கண்டேன் என்பது இன்னொரு காரணம். வார இறுதிகளில் இத்தகைய கடைகளுக்குப் போகத் தொடங்கியிருக்கும் நம்மவர்கள் காசு கொடுப்பதற்கு முன் எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

மதுரையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மனைவியின் அண்ணனையும் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மாலை அங்கே போனேன். முதல் பார்வையில் குறை சொல்ல எதுவும் இல்லை. செங்கல் வளைவைச் சுண்ணாம்பு பூசி மறைக்காமல் விட்டிருந்தார்கள். சுவரில் பன்னிரண்டு பித்தளைக் குழாய்கள் வரிசையாக இருந்தன. கவுன்ட்டரின் ஓரத்தில், கையால் இழுத்து ஊற்றும் பழைய பாணிக் கைப்பம்பு ஒன்றும் நின்றது. குழாய்களுக்கு மேலே, சுதந்திரமான சிறு ஆலைகளின் பீர் மட்டுமே இங்கே கிடைக்கும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அருகிலிருந்த கரும்பலகையில் ஒவ்வொரு பீரின் பெயர், ஆலையின் பெயர், ஆல்கஹால் விழுக்காடு, விலை ஆகிய நான்கும் அழகான சாக்பீஸ் எழுத்தில் இருந்தன. ஐந்தாவதாக ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இருவருக்கும் ஒரே வகை பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர் கேட்டேன். பலகையில் 6.80 பவுண்டு என்றிருந்தது. எங்கள் தெருமுனையிலுள்ள பழைய பப்பில் ஆறு பவுண்டுக்குள் ஒரு முழுப் பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், கிடைக்கும் என்றாலும், புதிய கடை, சிறிய ஆலை, நல்ல ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டு கார்டைத் தட்டினேன். குவளைகள் வந்த பிறகுதான் அவை பைண்ட் குவளைகள் அல்ல என்பதையே கவனித்தேன். மச்சான் தன் குவளையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை, நம்ம ஊர்ல பாட்டிலே 650 மில்லி. இங்க எவ்வளவு ஊத்தியிருக்காங்கன்னு கொஞ்சம் கேளுங்களேன்” என்றார். குவளையின் மேற்பகுதியில் மெல்லிய கோடு ஒன்றும், அதன் அருகே மூன்றில் இரண்டு என்ற பின்னமும் பொறிக்கப்பட்டிருந்தன. நுரை அந்தக் கோட்டைத் தாண்டி நின்றது. ஆனால் நுரைக்குக் கீழே இருந்த பீர் கோட்டுக்கு ஒன்றரை விரற்கடை தாழ்ந்திருந்தது. இரண்டு குவளைகளிலும் அப்படித்தான்.

இந்த இடத்தில் அளவுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் குழாயிலிருந்து ஊற்றித் தரும் பீரைக் கடைக்காரர் தன் விருப்பம்போல் எந்த அளவிலும் விற்றுவிட முடியாது. மூன்றில் ஒரு பைண்ட், அரைப் பைண்ட், மூன்றில் இரண்டு பைண்ட், இல்லையேல் அரைப் பைண்டின் மடங்குகள் ஆகியவை மட்டுமே சட்டம் அனுமதிக்கும் அளவுகள். ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. மூன்றில் ஒன்று ஏறத்தாழ 189 மில்லி. மூன்றில் இரண்டு ஏறத்தாழ 379 மில்லி. இந்த மூன்றில் இரண்டு அளவு 2011-இல்தான் அனுமதிக்கப்பட்டது. வீரியமான பீரை அளவோடு குடிக்க விரும்புவோருக்கு அது நல்ல ஏற்பாடுதான். எனக்கு அதன்மேல் எந்தப் பகையும் இல்லை. அளவைச் சொல்லாமல் விலையை மட்டும் எழுதிவைத்து, வருபவர் பைண்ட் என்று எண்ணிக் காசு கொடுக்கும்படி விட்டுவிடுவதைத்தான் குறை சொல்கிறேன். அந்த 6.80 பவுண்டை முழுப் பைண்டுக்குக் கணக்கிட்டால் 10.20 பவுண்டு ஆகிறது. பலகையில் அந்த எண் இருந்திருந்தால் நான் அந்தப் பீரைக் கேட்டிருக்கவே மாட்டேன்.

குவளைகளிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, விளிம்புவரை நிறைத்தால் சரியான அளவு வரும் குவளை. அதில் நுரைக்கும் இடம் விட வேண்டியிருப்பதால் பீர் சற்றே குறைவது இயல்பு. குறைந்தது 95 விழுக்காடாவது பீராக இருக்க வேண்டும் என்பதும், நிரப்பித் தரும்படி கேட்டால் முகம் சுளிக்காமல் நிரப்பித் தர வேண்டும் என்பதும் மதுத்தொழில் தானாக வகுத்துக்கொண்ட வழிகாட்டுதல்கள். மற்றொன்று, கோடு போட்ட பெரிய குவளை. நுரை மேலே நிற்கட்டும், பீர் கோடுவரை வரட்டும் என்பதற்காகவே அந்தக் கோடு போடப்பட்டிருக்கிறது. ஆகவே கோடுள்ள குவளையில் கோட்டுக்குக் கீழே ஊற்றிவிட்டு நுரையைக் காரணம் காட்டுவது எந்த வகையிலும் பொருந்தாது.

கவுன்ட்டரில் இருந்த இளைஞரிடம் இதைக் காட்டியபோது அவர் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசாமல் இரண்டையும் கோடுவரை நிரப்பித் தந்தார் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் உள்ளிருந்து வந்த உரிமையாளர், புன்னகை குறையாமல், கிராஃப்ட் பீரை மணத்துக்காக நுரையோடு பரிமாறுவதே முறை என்றும், கோட்டைப் பார்த்துக் குடிப்பவர்கள் இங்கே அதிகம் வருவதில்லை என்றும் எனக்கு விளக்கினார். பதினான்கு ஆண்டுகளாக இந்த ஊர்ப் பப்புகளில் உட்கார்ந்து எழுந்தவனுக்கு நுரையின் மகத்துவத்தைப் பற்றிய அந்தப் பாடம் கூடுதல் கட்டணமின்றிக் கிடைத்தது.

அடுத்ததாகக் கைப்பம்பிலிருந்து ஓர் அரைப் பைண்ட் பிட்டர் என்ற கசப்பான ஏல் வாங்கினேன். அது வெதுவெதுப்பாக இருந்தது. முகர்ந்தவுடனே வினிகர் நெடி அடித்தது. பீப்பாயிலேயே மறுபடி நொதித்துப் பக்குவமடையும் இந்த வகை ஏலை நிலவறையில் 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். பீப்பாயைத் திறந்து விற்கத் தொடங்கிய பிறகு காற்று உள்ளே போவதால், ஏறத்தாழ மூன்று நாள்களுக்குள் அதை விற்றுத் தீர்த்துவிட வேண்டும். எப்போது திறந்தீர்கள் என்று அந்த இளைஞரைக் கேட்டேன். போன வாரம் வியாழக்கிழமை என்று கள்ளமில்லாமல் சொன்னார். ஒன்பது நாள்! வழக்கமான பீப்பாயில் 72 பைண்ட் இருக்கும். கூட்டம் சேராத புதிய கடைக்கு அது பெரிது என்று தெரிந்தால் 36 பைண்ட் கொள்ளும் சிறிய பீப்பாயை வாங்கியிருக்கலாம். அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் கைப்பம்பை வெறும் அலங்காரமாகவே விட்டிருக்கலாம். மாற்றித் தரும்படி கேட்டபோது, கிராஃப்ட் பீர் கலங்கலாகத்தான் இருக்கும் என்று உரிமையாளர் பதில் சொன்னார். நான் கலங்கலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இன்று பலரும் விரும்பிக் குடிக்கும் மங்கலான, ஹாப்ஸ் மிகுந்த ஐபிஏ வகை பீர்களில் கலங்கல் குறையே இல்லை. புளிப்புக்காகவே காய்ச்சும் பீர்களும் உண்டு. ஆனால் சாதாரண பிட்டரில் வினிகர் புளிப்பு வந்தால் அது கெட்டுப்போன பீர்தான். விற்கும் பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்வது பீருக்கும் பொருந்தும். இரண்டாம் முறை கேட்ட பிறகு காசைத் திருப்பித் தந்தார்கள். பம்பிலிருந்து அதே பிட்டரை அடுத்தவருக்கு ஊற்றிக் கொடுத்ததையும் பார்த்தேன்.

மச்சானுக்குக் கறுப்பு பீரில் ஆசை இருந்ததால், பத்து விழுக்காடு வீரியமுள்ள ஸ்டவுட் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். இந்த முறை முன்கூட்டியே அளவைக் கேட்டேன். மூன்றில் ஒரு பைண்ட், 6.50 பவுண்டு என்றார்கள். வந்தது தண்டு வைத்த வயிறு பெருத்த ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதில் கோடும் இல்லை, முத்திரையும் இல்லை. அளவுக் கருவி பொருத்தாத குழாயிலிருந்து கையால் ஊற்றும்போது, முத்திரையிட்ட குவளையில்தான் ஊற்ற வேண்டும் என்பது விதி. முன்பு அந்த முத்திரையில் மகுடச் சின்னம் இருக்கும். பிறகு சிஇ என்ற ஐரோப்பியக் குறியும், எம் என்ற எழுத்தோடு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் வந்தன. அண்மைக் காலக் குவளைகளில் யூகேசிஏ என்ற பிரித்தானியக் குறியும் இருக்கக்கூடும். எந்த முத்திரையும் இல்லாத கிண்ணத்தைப் பார்த்ததும், அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த முத்திரைக் குவளை ஒன்றைக் காட்டி, இதை அதில் மாற்றி ஊற்ற முடியுமா என்று கேட்டேன். அந்த இளைஞர் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் நிதானமாக மாற்றி ஊற்றினார். மூன்றில் ஒன்று என்ற கோட்டுக்கு அரை விரற்கடை கீழேயே கறுப்பு நின்றுவிட்டது. மூவரும் அதைப் பார்த்தோம். யாரும் எதுவும் பேசவில்லை. அவரே குழாயைத் திறந்து மிச்சத்தை நிரப்பினார்.

சுதந்திர ஆலைகள் என்ற அந்த அறிவிப்பைப் பற்றியும் ஒரு சொல். கிராஃப்ட் என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் சட்ட வரையறை கிடையாது; யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். சுதந்திரம் என்பது அப்படியல்ல. ஆலை யாருக்குச் சொந்தம் என்பதை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அன்றைய பன்னிரண்டு குழாய்களில் ஒன்று கேம்டன் டவுன் ஆலையுடையது. அந்த ஆலையை ஏபி இன்பெவ் நிறுவனம் 2015-இலேயே வாங்கிவிட்டது. இன்னொன்று பீவர்டவுனுடையது, அது 2022 முதல் முழுமையாக ஹைனெக்கெனுக்குச் சொந்தம். இரண்டும் மோசமான பீர்கள் அல்ல; சூப்பர்மார்க்கெட் அலமாரியில் கண்டால் நானே எடுத்துக்கொள்வேன். ஆனால் சிறு ஆலைகளுக்குக் கைகொடுக்கிறோம் என்ற எண்ணத்தில் கூடுதல் விலை கொடுக்கும் வாடிக்கையாளரிடம் உலகின் மிகப்பெரிய இரண்டு பீர் நிறுவனங்களின் சரக்கை அதே பலகைக்குக் கீழே வைத்து விற்பது, பொருளைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்பதுதான்.

வீட்டுக்கு வந்து ரசீதைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. முதல் இரண்டு பீருக்கும் சேர்த்து 13.60 பவுண்டுதான் ஆகியிருக்க வேண்டும், எடுத்ததோ 15.30 பவுண்டு. 12.5 விழுக்காடு சேவைக் கட்டணம் கார்டு மெஷினிலேயே முன்கூட்டிச் சேர்க்கப்பட்டிருந்தது. கவுன்ட்டரில் நின்று நாமே வாங்கி, நாமே மேசைக்கு எடுத்துப் போன பீருக்குச் சேவைக் கட்டணம்! விருப்பக் கட்டணம் என்று ரசீதில் அச்சிட்டிருக்கும்போது, நீக்கச் சொன்னால் அவர்கள் நீக்கத்தான் வேண்டும். ஆனால் கார்டைத் தட்டுவதற்கு முன் மெஷின் திரையைப் பார்த்தால்தானே அப்படிச் சொல்ல முடியும்? நான் பார்க்கவில்லை, அது என் பிழை.

மறுநாள் கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வாங்குபவரின் முடிவுக்குத் தேவையான முக்கியத் தகவலை மறைப்பது நியாயமற்ற வணிக முறை என்பதை 2025 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் விதிகளைச் சுட்டிக்காட்டி எழுதி, அளவுக் கோட்டோடு எடுத்த இரண்டு படங்களையும் இணைத்தேன். நான்கு நாளில் பதில் வந்தது: மன்னிப்பு ஒரு வரி, அடுத்த முறை ஒரு பானம் இலவசம் என்று இன்னொரு வரி. பலகையைப் பற்றியும், முத்திரையில்லாக் கிண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல்கூட இல்லை. ஆகவே இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணான 0808 223 1133-க்கு அழைத்து விவரத்தைப் பதிவு செய்தேன். எடைகள், அளவுகள் சார்ந்த புகார்களை விசாரிக்கும் உள்ளூராட்சி அதிகாரிகளிடம் அவர்களே அதைச் சேர்த்துவிடுகிறார்கள். அழைப்பவர் குவளையின் படம், ரசீது, நாள், நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்திருப்பது நல்லது; நுரை அடங்கும்வரை இரண்டு நிமிடம் பொறுத்திருந்து படம் எடுப்பது இன்னும் நல்லது.

இலவச பானத்துக்காக அல்ல, பலகையைப் பார்ப்பதற்காகவே நேற்று மீண்டும் அங்கே போனேன். பலகையின் அடியில், மேசை மறைக்கும் மூலையில், விலைகள் யாவும் மூன்றில் இரண்டு பைண்டுக்கானவை என்று மிகச் சிறிய எழுத்தில் சேர்த்திருக்கிறார்கள். குழாய்களுக்கு மேலிருந்த அறிவிப்பு அப்படியே இருக்கிறது. கைப்பம்பில் மாட்டியிருந்த பெயர்ப் பட்டையை மட்டும் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். அந்தப் பீர் இப்போது கிடையாது என்பதற்கு இந்த ஊர்ப் பப்புகளில் உள்ள அடையாளம் அது. அதே இளைஞர் என்னைக் கண்டதும், நான் கேட்பதற்கு முன்பே, கோடு போட்ட குவளை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டுக் குழாய்க்கு அடியில் வைத்தார்.