மணல் தேய்க்கும் ஸ்லீவுக்கு எது: ஹார்டு குரோமா, கார்பைடா, ஆக்சைடா?

மணல் கலந்த தண்ணீர் இறைக்கும் பம்ப், அதன் ஷாஃப்ட் ஸ்லீவ் (சுழலும் தண்டின் மேல் மாட்டும் உறை), பேக்கிங் (கசிவைத் தடுக்கும் கயிறு போன்ற அடைப்பு) உட்காரும் இடத்தில் மட்டும் வரிவரியாகத் தேய்ந்துகொண்டே இருந்தது. பூச்சுக்கு மூன்று வழிகள் இருந்தன: ஹார்டு குரோம் முலாம், எச்.வி.ஓ.எஃப். முறையில் (எரிபொருள் சுடரில் தூளை மிக வேகமாக அடிப்பது) தெளிக்கும் டங்ஸ்டன் கார்பைடு, பிளாஸ்மாவில் (மின்வில்லால் மிகச் சூடாக்கிய வாயு) தெளிக்கும் குரோமியம் ஆக்சைடு. நான் போட்டது கார்பைடு, 10 சதவீதம் கோபால்ட்டும் 4 சதவீதம் குரோமியமும் சேர்ந்த வகை. இன்னொருவர் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன், ஆனால் கிரைண்டிங் யார் செய்யப் போகிறார்கள் என்று முதலில் கேட்டுவிட்டு.

குரோமைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கடினம் 800 முதல் 1000 விக்கர்ஸ் (கடினத்தை அளக்கும் அலகு). நல்ல எண்தான், ஆனால் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கிட்டத்தட்ட அதே அளவு, சில சமயம் அதற்கும் மேலே. பேக்கிங்குக்குள் சிக்கிய மணல் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் போகும். கார்பைடு பூச்சை அளந்தால் 1000 முதல் 1300 வரை வரும், இதுக்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். அந்த எண் வெறும் சராசரி. உள்ளே இருக்கும் கார்பைடு துகள்கள் தனித்தனியாக 2000 பக்கம் நிற்பவை, மணலால் அவற்றைக் கீற முடியாது, நடுவில் பிடித்து வைத்திருக்கும் கோபால்ட்டை வேண்டுமானால் மெல்லச் சுரண்டலாம். உலர்ந்த மணலை ரப்பர் சக்கரத்தால் அழுத்தித் தேய்க்கும் ஏ.எஸ்.டி.எம். ஜி65 சோதனையில் குரோம் பின்தங்குவது இதனால்தான். விமானங்களின் லேண்டிங் கியரிலும் குரோம் இருந்த இடத்துக்கு இதே கார்பைடு வந்திருக்கிறது. அங்கே முலாம் தொட்டியின் நச்சு குரோமியமும் ஒரு காரணம்.

ஆக்சைடோடு எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அளவாகவே சொல்கிறேன். கடினத்தில் கார்பைடுக்குக் குறைந்ததல்ல, அமிலம் புழங்கும் இடங்களில் அதற்கென்று மதிப்பு உண்டு. ஆனால் அது பீங்கான் இனம், தட்டினால் சில்லாகப் பெயரும். நுண்துளைகளும் அதிகம், சீலர் ஊற்றி அடைக்காவிட்டால் திரவம் உள்ளே இறங்கி அடி உலோகத்தை அரித்து, பூச்சை மொத்தமாகக் கழற்றிவிடும். ஸ்லீவைச் சுத்தியலால் தட்டி ஏற்றும் ஆட்கள் உள்ள இடத்தில் எனக்கு அந்தத் தைரியம் இல்லை. (கார்பைடையே பிளாஸ்மாவில் தெளித்தால் என்ன என்று கேட்பார்கள். அந்தச் சூட்டில் கார்பன் எரிந்துபோய் பூச்சு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். எச்.வி.ஓ.எஃப். சூட்டைவிட வேகத்தை நம்புகிறது, அதனால் நுண்துளை ஒரு சதவீதத்துக்குள் அடங்குகிறது.)

இனி கிரைண்டிங். குரோமைச் சாதாரண அலுமினியம் ஆக்சைடு வீலில் தேய்த்து முடித்துவிடலாம், எந்தப் பட்டறையிலும் நடக்கும். கார்பைடு பூச்சில் அந்த வீல் வெட்டாது, மழுங்கி வெறுமனே உரசும், சூடேறும், பூச்சில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். டைமண்ட் வீல்தான் வேண்டும், கூலன்ட் தாராளமாக ஓட வேண்டும், ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும் என்றால், தெளித்த நிலையில் பூச்சின் சொரசொரப்பு சில மைக்ரான் இருக்கும், அப்படியே பேக்கிங்கில் ஓட விட்டால் அது அரம்தான். ஸ்லீவுக்கு ஒன்றும் ஆகாது, பேக்கிங் மட்டும் தூளாகிக்கொண்டே இருக்கும், அப்புறம் பழி பேக்கிங் கம்பெனி மேல் விழும். பேக்கிங்குக்கு ஆர்.ஏ. (சராசரி சொரசொரப்பு) 0.4 மைக்ரானுக்குள் கொண்டுவந்தால் போதும். அதற்கு டைமண்ட் வீலுக்குப் பிறகு டைமண்ட் பெல்ட்டும் தேவைப்படலாம். பூச்சு நன்றாக இருந்தும் பெயர் கெடுவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். அதனால் தெளிப்பவரிடமே கிரைண்டிங்கும் செய்து தரச் சொல்லுங்கள். தெளிப்பது ஓர் இடம், தேய்ப்பது ஓர் இடம் என்று பிரித்தால், பிரச்சினை வரும்போது இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

லேத் வேலையிலும் ஒரு கவனம். பக்கத்துக்கு 0.2 மி.மீ. பூச்சு நிற்க வேண்டுமென்றால் அந்த அளவு குடைந்து, இரு ஓரத்திலும் சரிவு கொடுத்து, 0.3 வரை தெளித்து, மீதியைத் தேய்த்தெடுக்க வேண்டும். கூர்மையான ஓரம் விட்டால் உரிதல் அங்கிருந்துதான் தொடங்கும்.

குரோமுக்கு இன்னும் இடம் உண்டு. சிறிய துளைகளின் உட்புறத்துக்குள் எச்.வி.ஓ.எஃப். துப்பாக்கி நுழையாது, நேராகப் பார்க்கும் பரப்பில்தான் தெளிக்க முடியும்; உள்ளே ஒரு மின்முனை வைத்தால் முலாமை அங்கேயும் படிய வைக்கலாம். மணல் இல்லாத சுத்தமான எண்ணெயில் ஓடும் ராடுக்கும் குரோமே போதும். ஓடும் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்த மூன்றையும் விட்டுவிட்டு, நிக்கல் குரோமில் பிணைத்த குரோமியம் கார்பைடைப் பாருங்கள்.