குழல் முனையை மட்டும் அளந்து சோக் திறப்பவரிடம் போகாதீர்கள்

இங்கிலாந்தில் கிளே, அதாவது வானில் எறியப்படும் களிமண் தட்டு, சுடும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். பழைய ஆங்கிலேய இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்துக்கொண்டு, 'சோக் (குழல் முனையின் குறுகல்) கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே, திறந்துவிடலாமா' என்று யோசிப்பவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். சோக் திறக்கக் கொடுத்த என் குழலை ஒரு கடை கெடுத்துவிட்டது. விவகாரம் முடியவில்லை, அதனால் கடையின் பெயர் வேண்டாம்.

என்னுடையது உலகப் போருக்கு முந்தைய பர்மிங்காம் துப்பாக்கி, 12 போர் (bore, குழல் அளவைக் குறிக்கும் எண்). வலது குழல் முக்கால் சோக். 20, 25 கெஜத்தில் பறக்கும் தட்டுக்கு அது அதிகம். பட்டால் தட்டு புகையாகிவிடும், குறி கொஞ்சம் விலகினாலோ தோட்டாவிலிருந்து பாயும் சிறு ரவைகளில் ஒன்றுகூட உரசாது. அதனால் கால் சோக் ஆக்கித் தரச் சொல்லிக் கொடுத்தேன். அரை நாள் வேலைதான் என்றார் கடைக்காரர்.

சோக் என்பது குழல், முனைக்குச் சற்று முன்னால் உட்புறம் குறுகும் அளவு. இங்கே அதைப் பாயிண்டில் சொல்வார்கள். ஒரு பாயிண்ட் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கால் சோக்குக்கு 10 பாயிண்ட், அரைக்கு 20, முக்காலுக்கு 30, முழு சோக்குக்கு 40. இந்த எண் முனையின் விட்டம் அல்ல. குழலின் விட்டத்துக்கும் முனையின் விட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். என் சண்டையெல்லாம் இந்த ஒரு வரியில்தான்.

12 போரின் குழல் விட்டம் ஏட்டுக் கணக்கில் 0.729 அங்குலம். ஆனால் பழைய குழல்கள் அப்படியே அமைவதில்லை. என் குழலின் அடியில் பர்மிங்காம் புரூஃப் ஹவுஸ் (துப்பாக்கிக் குழல்களைச் சோதித்து முத்திரையிடும் நிலையம்) முத்திரைகளுக்கு நடுவே 13/1 என்று அடித்திருக்கிறது. 0.719 உள்ளே போகும், 0.729 போகாது என்பது அதன் பொருள். 12 போரில் 13 எங்கிருந்து வந்தது என்று குழம்ப வேண்டாம். தோட்டா உட்காரும் அறை 12, குழல் மட்டும் இறுக்கம், அவ்வளவுதான். குழல்களைக் கழற்றித் திருப்பினாலே கண்ணில் படும் முத்திரை அது.

கடைக்காரர் திருப்பிப் பார்க்கவே இல்லை. கையில் இருந்தது படிப்படியாகத் தடிக்கும் பித்தளை கேஜ், அதாவது அளவுகோல். அதை முனைக்குள் விட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதில் எழுதியிருக்கும் சோக்கைப் படிப்பார்கள். எல்லாக் குழலும் 0.729 என்று வைத்துக்கொண்டு போட்ட கோடுகள் அவை. என் குழல் 0.720, முனை 0.690. கால் சோக் வேண்டுமென்றால் முனையை 0.710 வரை திறந்து நிறுத்தியிருக்க வேண்டும். இவர் 729இல் 10 போனால் 719 என்று கணக்குப் போட்டு, குழலின் உட்புறத்தைச் சீவும் ரீமரை அதுவரை ஓட்டிவிட்டார். மிச்சம் ஒரே ஒரு பாயிண்ட். அது சோக்கே அல்ல, வெறும் சிலிண்டர், அதாவது குறுகலே இல்லாத நேர்க் குழல் மாதிரி.

எனக்குத் தெரியவந்தது கிளப்பின் பேட்டர்ன் பிளேட்டில். வெள்ளைப் பூச்சு அடித்த இரும்புத் தகடு அது. 40 கெஜத்தில் நின்று சுட வேண்டும். அப்புறம் ரவை அடர்ந்த இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் போட்டு, உள்ளே விழுந்தவற்றை எண்ண வேண்டும். தோட்டா ஒன்றைப் பிரித்து மொத்த ரவையையும் எண்ணிக்கொண்டால் விழுக்காடு கிடைத்துவிடும். கால் சோக் என்றால் 55 விழுக்காடு வர வேண்டும், சிலிண்டருக்கு 40. ஒரு முறை சுட்டு முடிவு கட்டக் கூடாது, சராசரி பார்க்க வேண்டும். எனக்கு வந்த சராசரி 40ஐ ஒட்டித்தான் இருந்தது. ஒரு முழுத் தட்டு நுழைந்து போகும் அளவுக்கு நடுவில் ஓட்டைகள்.

திரும்பக் கொண்டுபோனேன். மனிதர் அதே கேஜை அதே முனைக்குள் விட்டு, "இதோ பாருங்கள், கால் என்றுதானே காட்டுகிறது?" என்றார். காட்டத்தான் செய்தது! தோட்டாவை மாற்றிப் பாருங்கள் என்று அறிவுரை வேறு.

வேறொரு கன்ஸ்மித் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) டயல் வைத்த போர் கேஜால் (குழலின் உள்விட்டத்தை அளக்கும் கருவி) அளந்து எழுதித் தந்தார். குழல் விட்டத்தை அறைப் பக்கத்திலிருந்து 9 அங்குலம் உள்ளே அளக்கிறார்கள். சோக்கை முனை விளிம்பில் மட்டும் பார்க்காமல், எங்கே மிகக் குறுகலாக இருக்கிறதோ அங்கே பார்க்கிறார்கள். சீவிய இரும்பை ஒட்டவைக்க முடியாது. மாற்று சோக் திருக மரை வெட்டலாம் என்றால், குழல் சுவர் அதற்குப் போதாத மெல்லிசு.

சில்லறைக் காசை முனையில் வைத்து சோக் பார்ப்பதும் இதே கதைதான். 5 பென்ஸ் காசின் விட்டம் 18 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 0.709 அங்குலம். 0.729 குழலில் அது நுழையாவிட்டால் அரை சோக்குக்கு மேல் என்று சொல்லலாம். என்னுடையது போன்ற குழலில் 12 பாயிண்ட் இருந்தாலே நுழையாது. பழைய துப்பாக்கி விற்பவர் காசைக் காட்டி 'அரை சோக்குக்கு மேல்' என்றால் குழல் விட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

சோக் திறக்கக் கொடுப்பதாக இருந்தால் வேலைச் சீட்டில் மூன்று எண்களை எழுதி வாங்குங்கள்: குழல் விட்டம், இப்போதைய முனை விட்டம், நிறுத்த வேண்டிய விட்டம். கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து நடுநடுவே பிளேட்டில் சுட்டுப் பார்ப்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015இன்படி, சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும். தவறினால் திரும்பச் செய்து தர வேண்டும், அது முடியாவிட்டால் விலையைக் குறைக்க வேண்டும். இதைச் சொல்லி, அளவுச் சீட்டையும் பிளேட் படங்களையும் இணைத்துக் கடிதம் அனுப்பினேன். கூலியைத் திருப்பித் தருகிறாராம், குழலின் மதிப்பு குறைந்ததற்குப் பொறுப்பில்லையாம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்தது சிறு வழக்கு நீதிமன்றம்தான்.