உங்கள் எம்.பி. அவையில் என்ன பேசினார்? பி.ஆர்.எஸ். தளத்தின் ‘எம்.பி. டிராக்’ பற்றி

கல்வியில், தொழிலாளர் விஷயத்தில், சமூகப் பிரச்சினைகளில் உங்கள் எம்.பி.யின் நிலைப்பாடு என்ன என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள், கட்சியின் பெயரைச் சொல்லிவிட்டு அதோடு முடித்துக்கொள்வார்கள். கட்சி அறிக்கையில் இருப்பது ஒன்று. அந்த உறுப்பினர் அவையில் எழுந்து என்ன கேட்டார், எதைப் பற்றி விடாமல் பேசினார், எதில் வாயே திறக்கவில்லை என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைத் தெரிந்துகொள்ள நான் பயன்படுத்துவது பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற அமைப்பின் ‘எம்.பி. டிராக்’ பக்கம். 2005-ல் தில்லியில் தொடங்கப்பட்ட, லாப நோக்கமில்லாத ஆய்வு அமைப்பு அது. பக்கத்தைப் பார்க்கக் காசு இல்லை. தமிழில் இல்லை என்பது பெரிய குறைதான், ஆனால் தலைப்புகளைப் படிக்கும் அளவுக்கு ஆங்கிலம் தெரிந்தால் சமாளித்துவிடலாம்.

உறுப்பினரின் பெயரைத் தேடினால் நான்கு எண்கள் முன்னால் வரும்: வருகை சதவீதம், கலந்துகொண்ட விவாதங்கள், கேட்ட கேள்விகள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் (அமைச்சராக இல்லாத உறுப்பினர் தானே கொண்டுவரும் மசோதாக்கள்). பக்கத்திலேயே தேசிய சராசரியும் மாநில சராசரியும் இருக்கும். தேர்தல் நெருங்கினால் பத்திரிகைகள் இந்த எண்களை எடுத்துத்தான் ‘முதலிடம் யார், கடைசி யார்’ என்று பட்டியல் போடுகின்றன. எனக்கு இதில்தான் வருத்தம். அந்தப் பக்கத்திலேயே மதிப்புக் குறைந்த பகுதி இந்த நான்கு எண்கள்தான், நாம் பார்ப்பதோ அதை மட்டும்.

வருகையை எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் அன்றைய வருகையைப் பதிவு செய்தாரா என்பதுதான் அந்த சதவீதம். காலையில் பதிவு செய்துவிட்டுக் கிளம்பியவருக்கும் மாலை வரை உட்கார்ந்து கேட்டவருக்கும் ஒரே மதிப்பு. அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் அப்படிப் பதிவு செய்ய வேண்டியதில்லை, அதனால் அவர்கள் பெயருக்கு நேரே இருக்கும் வெற்றிடத்தைப் பார்த்து ‘அவைக்கே போகாத ஆள்’ என்று பரப்பிவிடாதீர்கள்.

கேள்விகள் பகுதிதான் உண்மையான புதையல், ஆனால் எண்ணிக்கையாகப் பார்த்தால் அதுவும் ஏமாற்றும். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230. முன்னதற்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வி கேட்கலாம். பின்னதற்கு எழுத்தில் பதில் வரும், அவ்வளவுதான். ஓர் உறுப்பினர் ஒரு நாளைக்கு 5 கேள்விகள் வரை கொடுக்கலாம், அப்புறம் எது வரும் எது வராது என்பது குலுக்கலில் முடிவாகும். ஒரே விஷயத்தை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒரே கேள்வியாகச் சேர்த்து எல்லார் பெயரையும் மேலே போட்டுவிடுவார்கள். ஆக 300 கேள்வி கேட்டவர் 150 கேட்டவரைவிட இரண்டு மடங்கு உழைத்தார் என்று சொல்ல முடியாது.

அதனால் எண்ணை விட்டுவிட்டுக் கீழே இறங்குங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் தேதி, தலைப்பு, எந்த அமைச்சகம், நட்சத்திரக் குறி உண்டா இல்லையா என்று வரிசையாக இருக்கும். எந்த அமைச்சகத்துக்கு அதிகம் எழுதியிருக்கிறார் என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். முழுக்க ரயில்வே, நெடுஞ்சாலை என்று இருந்தால் அவர் தொகுதி வேலைக்காரர், அதுவும் தேவைதான். தொழிலாளர் அமைச்சகத்துக்கு ஒன்றுகூட இல்லையென்றால், மே தின மேடையில் அவர் முழங்குவதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பிறகு நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்துக்குப் போய் அந்தக் கேள்வியின் முழு வாசகத்தை எடுத்துப் படியுங்கள். சிறிய பி.டி.எஃப். தான். மேலே கேள்வி எண்ணும் தேதியும், அதன் கீழே உறுப்பினர் பெயர், அடுத்து (அ), (ஆ), (இ) என்று பிரித்த கேள்விகள், அதற்குக் கீழே அமைச்சரின் பதில். இ.பி.எஸ்.-95 என்ற தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தை உதாரணமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாக் கட்சிக்காரர்களும் கேட்டிருக்கும் விஷயம் அது. குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வந்தது, பத்து ஆண்டு கடந்தும் அதே 1,000 ரூபாயில் நின்றது. இதைப் பற்றி ‘எத்தனை பேர் பயனடைகிறார்கள், மாநில வாரியான விவரம் என்ன’ என்றும் கேட்கலாம், ‘உயர்த்தச் சொல்லிக் கோரிக்கைகள் வந்தனவா, வந்திருந்தால் எடுத்த நடவடிக்கை என்ன, எடுக்காததற்குக் காரணம் என்ன’ என்றும் கேட்கலாம். முதல் வகை, அமைச்சகம் ஒரு பட்டியலை இணைத்துவிட்டுப் போகும் கேள்வி. இரண்டாவது வகையில்தான் அரசு ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து பதில் சொல்லியாக வேண்டும். எம்.பி. டிராக் கணக்கில் இரண்டும் ஒன்று, ஒன்றுதான்.

பதிலையும் விடாமல் படியுங்கள். ‘தகவல் திரட்டப்பட்டு அவையின் மேசையில் வைக்கப்படும்’ என்று வந்திருந்தால், அதே உறுப்பினர் அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி கேட்டாரா என்று தேடுவது என் வழக்கம். விடாமல் துரத்துபவர்தான் அந்த விஷயத்தில் அக்கறை உள்ளவர் என்பது என் கணிப்பு.

கல்வியிலும் இதே வழிதான். மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25-க்கான சமக்ர சிக்ஷா (பள்ளிக் கல்விக்கான மத்தியத் திட்டம்) நிதி 2,152 கோடி ரூபாய் வராமல் நின்ற விவகாரம் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து போன 39 மக்களவை உறுப்பினர்களில் யார் யார் இதைக் கேள்வியாக எழுப்பினார்கள், அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் யார் பேசினார்கள், யார் தொலைக்காட்சியில் மட்டும் கொதித்தார்கள் என்று பக்கம் பக்கமாகத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொழுது பிடிக்கும் வேலைதான், ஆனால் இப்படி ஒப்பிட முடிவதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

விவாதங்கள் பட்டியலில் ஒரு எச்சரிக்கை. ஒரு மசோதாவை எதிர்த்து இருபது நிமிடம் வாதாடியதும், அவையின் கவனத்துக்காக விதி 377-இன் கீழ் ஒரு பத்தியை எழுதிக் கொடுத்ததும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும், பக்கத்தில் வகை போட்டிருப்பதைப் பார்க்காமல் கடக்காதீர்கள். இன்னொன்று, தமிழில் பேசிய உறுப்பினர்களின் உரையை அச்சான விவாதத்தில் தேடினால் ‘தமிழில் ஆற்றிய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு’ என்ற குறிப்போடு ஆங்கிலம்தான் கிடைக்கும். அந்த ஆளின் சொந்த வார்த்தைகளைக் கேட்க வேண்டுமானால் தேதியைக் குறித்துக்கொண்டு சன்சத் தொலைக்காட்சியின் காணொளிக்குத்தான் போக வேண்டும். தமிழில் பேசு என்று நாம் கேட்கிறோம், பேசியதைத் தமிழில் படிக்க வழியில்லை. இது சரியாக வேண்டிய விஷயம்.

தனிநபர் மசோதாவிலும் எண் பொய் சொல்லும். சுதந்திரத்துக்குப் பிறகு தனிநபர் மசோதாக்களில் சட்டமானவை 14 தான், கடைசியாக 1970-ல். அப்படியானால் இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவைப் பார்க்க வேண்டும். 2015 ஏப்ரல் 24-ல் மாநிலங்களவை அதை நிறைவேற்றியது. ஒரு தனிநபர் மசோதா அந்த அவையில் நிறைவேறியது பல பத்தாண்டுகளில் அதுதான் முதல் முறை. மக்களவையைத் தாண்டவில்லை, 2019-ல் அரசு தன் சொந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது, அதில் திருநர் அமைப்புகளுக்குக் கடும் அதிருப்தி இருந்தது என்பதெல்லாம் தனிக்கதை. ஆனால் ஓர் உறுப்பினரின் நிலைப்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான ஆவணம் கிடையாது. பட்டியலில் அதற்குக் கிடைப்பது ‘1’.

சரி, இந்தச் சேவையால் காட்டவே முடியாதது எது? வாக்கு. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போய்விடுகின்றன. ஆம் என்றவர் யார், இல்லை என்றவர் யார் என்று பெயர்வாரியாக எந்தப் பதிவும் இருக்காது. பதிவு இருந்தாலும் 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம், ஆகவே அந்த வாக்கு கட்சியுடையதா ஆளுடையதா என்று பிரிக்க முடியாது. புறக்கணிப்பு இன்னும் சிக்கல். 2020 செப்டம்பர் 23-ல் மாநிலங்களவையில் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேறியபோது, 8 உறுப்பினர்களை இடைநீக்கம் செய்ததைக் கண்டித்து எதிர்க்கட்சிகள் வெளியே இருந்தன. தொழிலாளர் பக்கம் நிற்பதாகச் சொன்ன பலருடைய எதிர்ப்பு அந்த நாளின் அவைக்குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. எதிர்த்தார்கள் என்பது நமக்குத் தெரியும், எந்தப் பிரிவை, என்ன காரணத்துக்காக எதிர்த்தார்கள் என்பதைத்தான் நாம் இழந்தோம். மசோதாக்களையும் துறைகளையும் ஆராயும் உறுப்பினர் குழுக்களான நிலைக்குழுக்களின் வேலையும் இந்த நான்கு எண்களில் சேராது. கூட்டங்கள் மூடிய அறையில் நடக்கும், ஆனால் அறிக்கையோடு உறுப்பினர்கள் எழுதும் மாற்றுக் கருத்துக் குறிப்புகள் வெளியாகின்றன. தொழிலாளர், கல்வி நிலைக்குழு அறிக்கைகளின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள், மேடையில் கேட்காத தெளிவு அங்கே கிடைக்கும்.

கூடவே பலரும் பார்க்கும் ‘மைநேதா’ தளத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் நடத்துவது. வேட்பாளர் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்திலிருந்து சொத்து, கடன், வழக்குகள், படிப்பு எல்லாம் எடுத்து அடுக்கித் தருகிறது. அதற்கு நம்பகமான இடம், ஆனால் நிலைப்பாட்டைத் தேடி அங்கே போக வேண்டாம்.

எனக்கு உண்மையில் குறையாகப் படுவது சட்டமன்றப் பக்கம். கல்வி 1976-ன் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில், மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போனாலும் பள்ளிக்கூடம் நடத்துவது மாநிலம்தான், தொழிற்சாலை ஆய்வாளர் மாநில அரசின் ஆள், சாதிச் சான்றிதழ் தருவது தாலுகா அலுவலகம். நம்மை நேரடியாகத் தொடும் இந்த விஷயங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் 234 பேரைப் பற்றி எம்.பி. டிராக் போல ஒரே பக்கத்தில் கேள்வி, பேச்சு எல்லாம் திரட்டிப் பார்க்கும் வசதி நமக்குப் பழக்கத்தில் இல்லை. 2023 ஏப்ரல் 21-ஐ நினைத்துப் பாருங்கள். வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்த தொழிற்சாலைகள் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, மூன்று நாளில் நிறுத்திவைக்கப்பட்டது, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். தொழிற்பேட்டைகள் உள்ள தொகுதிகளின் உறுப்பினர்கள் அன்று தனித்தனியாக என்ன நினைத்தார்கள் என்பதற்குப் பெயர்வாரியான வாக்குப் பதிவு கிடையாது. நீட் விலக்கு மசோதாவில் 2021 செப்டம்பரிலும் 2022 பிப்ரவரியிலும் பா.ஜ.க. வெளிநடப்பு செய்தது, மற்றவர்கள் ஆதரித்தார்கள் என்று கட்சி அளவில் தெரியும், அதற்குக் கீழே இறங்க முடிவதில்லை. 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையாக வருவது நல்ல தொடக்கம். ஆனால் நேரலை என்பது அன்றைக்குப் பார்ப்பவருக்கு, ஐந்து வருடம் கழித்துத் தேடுபவருக்கு எழுத்தில் அடுக்கி வைத்த பக்கம் வேண்டும்.

ஆக, எம்.பி.யைப் பற்றித் தெரிந்துகொள்ள எம்.பி. டிராக்கைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். மேலே இருக்கும் எண்களைத் தாண்டி, முதலில் கல்வி, அடுத்து தொழிலாளர், பிறகு சமூகநீதி அமைச்சகம் என்று கேள்விகளைத் திறந்து பத்துப் பதினைந்தாவது முழுசாகப் படியுங்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் 234 பேருக்கும் இப்படி ஒன்றை யாராவது தமிழிலேயே தொடங்கினால், கேள்விகளைத் தட்டச்சு செய்து அடுக்கித் தர நான் தயார்.