ஸ்கிரீன் கழுவும் பொடி: மூன்று வருஷம் பயன்படுத்திய பிறகு

குமாரபாளையத்திலிருந்து மச்சான் போன வாரம் போன் பண்ணினார். "மாப்ள, எமல்ஷன் எடுக்க என்னமோ பொடி போடறீங்களாமா, நானும் வாங்கட்டுங்களா?" போனில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. எழுதியே விடுகிறேன். துணியில் டிசைன் அச்சடிக்கிற ஸ்கிரீன் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலை, அதாவது மெஷ். டிசைன் இல்லாத இடத்தில் இங்க் இறங்காமல் வலைக் கண்ணை அடைக்கிற பூச்சுதான் எமல்ஷன். அடுத்த டிசைனுக்கு அதைக் கழுவி எடுக்க வேண்டும்.

பொடி என்பது சோடியம் மெட்டாபீரியோடேட். திருப்பூரில் எங்கள் பட்டறையில் அதற்கு முன்னால் பிளீச்சிங் பவுடர்தான். மூக்கு எரியும், இருமல் வரும், மரச்சட்டத்தில் அடித்த ஸ்டேப்ளர் பின்னெல்லாம் துருப்பிடித்து மெஷ் விட்டுப் போகும். இந்தப் பொடியில் அந்தத் தொல்லை இல்லை. லிட்டருக்கு 15 கிராம் கரைத்து, இரண்டு பக்கமும் பிரஷ்ஷால் தேய்த்து இரண்டு நிமிஷம் விட்டால் எமல்ஷன் பாகு மாதிரி இளகி வழியும். பிரஷர் வாஷரைக் காட்டினால், சென்டிமீட்டருக்கு 77 இழை ஓடுகிற மெஷ்கூடக் கண் கண்ணாகத் திறந்துகொள்ளும். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து அதைப் பார்ப்பதில் எனக்கு இன்னும் சந்தோஷம்தான்.

ஆனால் முதலில் இங்க் போயிருக்க வேண்டும். பிளாஸ்டிசால் இங்க்கை மண்ணெண்ணெயில் துடைத்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவாவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பொடித்தண்ணீர் உருண்டு ஓடிவிடும். (அந்தத் துணிகளின் பக்கத்தில் பொடி டப்பாவை வைக்காதீங்க, தீப்பிடிக்கும்.) எமல்ஷனைக் கெட்டிப்படுத்த ஹார்டனர் பூசிய ஸ்கிரீனில் போடவே வேண்டாம், வராது. பழைய டிசைனின் நிழல் மெஷ்ஷில் லேசாக நிற்கும். கண் திறந்திருந்தால் போதும். அதையும் எடுக்கிறேன் என்று காஸ்டிக் பேஸ்ட்டை அலுமினியப் பிரேமில் வழியவிட்டால் பிரேமையே அரித்துவிடும்.

என் கோபம் வேறு. இந்தக் கரைசல் மெஷ்ஷிலேயே காய்ந்துவிட்டால் எமல்ஷன் பூட்டிக்கொள்ளும், மறுபடி இளகாது. போன சித்திரையில் நான்கு ஸ்கிரீனுக்குத் தடவி முடித்த நேரம் கரண்ட் போனது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உச்சி வெயில். வாஷர் நின்றதும், கழுவுகிற ஒடிசாப் பையன் ஸ்கிரீன்களைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். அவன் மேல் தப்பில்லை. பாக்கெட்டில் அந்த எச்சரிக்கை ஒரே வரி, அதுவும் இங்கிலீஷில், கடுகு எழுத்தில். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தாலே பிழைத்திருக்கும்! நான்கு மெஷ்ஷையும் அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாக இழுத்துக் கட்டினோம். ஆர்டர் இரண்டு நாள் தள்ளிப்போனது.

நான் இன்றைக்கும் இதைத்தான் வாங்குகிறேன், பிளீச்சிங் பவுடருக்குத் திரும்பமாட்டேன். ஆனால் மச்சான், நீங்க இப்போதைக்கு வாங்க வேண்டாமுங்க. நீங்க கழுவுகிற இடம் மொட்டை மாடி, நிழலே இல்லை. மோட்டார் போட்டால்தான் தண்ணீரும் ஏறும். முதலில் மேலே ஒரு சின்டெக்ஸ் தொட்டி வையுங்க, நாலு ஓலைத் தடுக்கு வேயுங்க. அப்புறம் சொல்லுங்க, அரைக் கிலோ நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.