தலையில் பட்டையா, கையில் அட்டையா?

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் நடத்தி இருபது வருடம் ஆகப்போகிறது. பரீட்சை நெருங்கினால் பெற்றோர் வந்து கேட்பது ஒன்றேதான்: பிள்ளைக்குப் படித்தது மனதில் நிற்க என்ன வாங்கித் தரலாம்? முன்பு வல்லாரை மாத்திரை. அப்புறம் மூளை விளையாட்டுச் செயலி. போன மாதம் ஒரு அப்பா செல்போனை நீட்டி, நெற்றியில் கட்டும் பட்டை ஒன்றின் விளம்பரத்தைக் காட்டினார். "இதைக் கட்டினா கவனம் கூடுமாம் சார், வாங்கிடலாமா?" வாசலில் நின்றபடி அவருக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதில் இது.

செயலியை முதலில் முடித்துவிடலாம். விளையாட விளையாட அந்த விளையாட்டில் கை தேறும். பாடத்தில் தேறும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. படிப்பிலும் வேலையிலும் முன்னேற்றம் வரும் என்று விளம்பரம் செய்த லூமோசிட்டி செயலியின் நிறுவனம், அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் 2016-இல் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

சரி, உண்மையான போட்டிக்கு வருவோம். களத்தில் நான்கு: இரண்டு படிப்பு முறைகள், அப்புறம் நெற்றிப் பட்டை, தலையில் மின்சாரம் செலுத்தும் மின்தூண்டல் கருவி. முதல் இரண்டுக்கும் காசே வேண்டாம். ஒன்று, பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது. மற்றது, ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது. ரோடிகர், கார்பிகி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒரு பிரிவு உரைநடைப் பகுதியை இரண்டு தடவை படித்தது. இன்னொரு பிரிவு ஒரு தடவை படித்து, ஒரு தடவை பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் இரண்டு தடவை படித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ். பார்க்காமல் எழுதியவர்களுக்கு 56, இரண்டு தடவை படித்தவர்களுக்கு 42. அதே ஆய்வின் இன்னொரு சோதனையில் மீண்டும் மீண்டும் படித்தவர்கள்தான் தங்களுக்கு நிறைய நினைவிருக்கும் என்று நம்பினார்கள். நினைவிருந்தது குறைவு.

அந்த நம்பிக்கையை வகுப்பில் தினமும் பார்க்கிறேன். சிறுநீரகத்தின் நுண்வடிகட்டியான நெஃப்ரான் பற்றிய பாடத்தில் ஒரு வரி விடாமல் மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருந்த ஒரு பெண்ணிடம், "மூடிட்டு வரைஞ்சு காட்டும்மா" என்றேன். பௌமானின் கிண்ணம் அழகாக வந்தது. ஹென்லே வளைவுக்குக் கீழே இறங்கும்போது பேனா நின்றுவிட்டது. "நேத்து ராத்திரி நாலு தடவை படிச்சேன் சார்" என்று கண் கலங்கினாள். பொய்யில்லை, படித்திருந்தாள். பார்த்ததை அடையாளம் கண்டுகொள்வது மூளைக்குச் சுலபம். ஒன்றும் கண்ணெதிரே இல்லாதபோது உள்ளிருந்து எடுத்துத் தருவது தனி வேலை. அந்த வேலையைச் செய்யும்போதுதான் அடுத்த முறை எடுப்பதற்கான வழி பலப்படுகிறது. மறுநாள் அவளாகவே வந்து, சேகரிப்பு நாளம் வரைக்கும் நிறுத்தாமல் வரைந்தாள். என்ன, முதல் நாள் அந்தப் பேனா நின்ற இடம்தான் அவளுக்குக் கிடைத்த உண்மையான பாடம்.

நம் ஊரில் மனப்பாடத்தைத் திட்டுகிறோம், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் பாட்டி எதிரே கைகட்டி நின்று ஒப்பித்தோமே, அதில் இந்த எடுத்துத் தரும் வேலை முழுக்க இருந்தது. பொருள் கேட்காமல் விட்டதுதான் குறை.

இனி பட்டை. மண்டையோட்டின் மேலிருந்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிறது. அந்த அலைகள் மைக்ரோவோல்ட் அளவுக்கு மெலிந்தவை. கண் சிமிட்டினாலும் பல்லைக் கடித்தாலும் அதைவிடப் பெரிய அலை எழும். ஆய்வகத்தில் அதையெல்லாம் வடிகட்டப் படாதபாடு படுகிறார்கள். சீனாவின் செஜியாங் மாகாணத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் குழந்தைகள் இந்தப் பட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள்; கவனம் இருந்தால் சிவப்பு விளக்கு, சிதறினால் நீலம். 2019-இல் படங்கள் வெளியாகி மக்கள் கொதித்ததும் நிறுத்தப்பட்டது. கொதித்தது நியாயம். யோசனையில் ஜன்னலைப் பார்க்கும் பிள்ளையின் நெற்றியில் நீல விளக்கு எரிந்தால், அது யோசிப்பதையே நிறுத்திக்கொள்ளும். அதோடு, பட்டை சரியாகவே அளந்தாலும் அது காட்டுவது கவனத்தை மட்டும்தான். நாலு தடவை படித்த அந்தப் பெண்ணுக்கும் அன்று ராத்திரி சிவப்புதான் எரிந்திருக்கும்.

மின்தூண்டல் கருவி இன்னும் ஒரு படி மேலே போகிறது. தலையில் மின்முனை வைத்து ஒன்று, இரண்டு மில்லிஆம்பியர் மின்சாரம் செலுத்துகிறார்கள். தோலும் எலும்பும் தாண்டி அதில் சிறு பங்குதான் மூளையைத் தொடுகிறது. மருத்துவர்கள் பக்கவாதம், மனச்சோர்வு போன்றவற்றுக்கு இதை ஆராய்வதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. வீட்டில் வாங்கிப் பிள்ளைக்கு மாட்டுவதில்தான் எனக்குப் பயம். ஆக்ஸ்ஃபோர்டில் நடந்து 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், புதிய எண் குறியீடுகளைப் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தபடி மூளையின் பக்கவாட்டுப் பின்பகுதியைத் தூண்டினார்கள். வேகமாகக் கற்றார்கள், ஆனால் கற்றது தன்னியல்பாக வருவது குறைந்தது. முன்பகுதி தூண்டப்பட்டவர்களுக்கு நேர் எதிர். ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் எடுத்துக்கொள்கிறது. இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் தலையில் இந்தப் பேரத்தை நான் செய்ய மாட்டேன்.

ஆக என் ஓட்டு மூடிய புத்தகத்துக்கு. அதோடு இடைவெளியும் சேர வேண்டும். ஒரே ராத்திரியில் ஐந்து முறை எழுதிப் பார்ப்பதைவிட, நாள் விட்டு நாள் எழுதிப் பார்ப்பது அதிக காலம் நிற்கும். ஒரு வாரத்தில் தேர்வென்றால் ஒரு நாள் இடைவெளி போதும். ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் பத்து நாள் வரை விடலாம். பாதி மறந்திருக்கும். அந்த நேரத்தில் முயன்று எடுப்பதுதான் பலன். பரவாயில்லை, சிரமப்படட்டும்.

அந்த அப்பாவைத் திரும்ப வரச் சொல்லி ஒரு ஸ்வீட் பெட்டி கொடுத்தேன். உள்ளே மூன்று தடுப்பு, பழைய கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கிய அட்டைகள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும், தவறினால் முதல் தடுப்புக்கே திரும்பும். முதல் தடுப்பு தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது பத்து நாளுக்கு ஒருமுறை. லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 1972-இல் பரப்பிய முறை இது. பெட்டியும் கல்யாணப் பத்திரிகையும்தான் என்னுடையவை. பையன் முதல் அட்டையை எடுத்துப் படித்தான்: "இன்சுலின் எங்கே சுரக்கிறது?" அப்பா மெதுவாக, "கணையம்தானே?" என்றார். மகன் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதுல எந்த செல்லுப்பா?" என்று கேட்டான்.